பழைய காகிதமும் புதிய உத்தியோகமும்

தமிழில் இலக்கிய விமரிசனம் வளரவில்லை என்று நம்மில் பலர் நெடுநாளாகக் குறைப்பட்டுக்கொண்டு வருகிறோம். ரசனை போதாது, நேர்மை போதாது, கோஷ்டி மனப்பான்மை அதிகம் என்று காரணங்களும் சொல்லுகிறோம். இவையெல்லாம் உண்மையாக இருக்கலாம். ஆனால் இவற்றுக்கு முந்திய காரணம் ஒன்று உண்டு. மிகச் சாதாரணமான காரணம் என்பதாலோ என்னவோ, அதை யாரும் எடுத்துச் சொல்லுவதில்லை. விமரிசனம் செய்கிறவன் கைக்குப் புஸ்தகம் கிடைக்க வேண்டும்.

1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரம்தான் தமிழின் முதல் நாவல் என்று பரீட்சைக்குப் படிக்கிற பையன்கூடச் சொல்லிவிடுவான். அந்த முதல் பதிப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர்? கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணியில் தொடர்ந்து வந்தபோது, அதற்கு முன்னும் பின்னும் இருந்த பக்கங்களில் என்ன இருந்தது என்று தெரியாமல், அந்த நாவலைப் படித்த முதல் வாசகனைப் பற்றி நாம் எதைத்தான் நிச்சயமாகச் சொல்ல முடியும்? பழைய இதழ் ஒன்று இருக்கிறதா, இருந்தால் எங்கே இருக்கிறது, தொட்டால் பொடியாகாமல் அதைப் புரட்ட முடியுமா என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வைத்திருக்கிற ஒருவர் வேண்டும். அவர் விமரிசகர் அல்ல; பேராசிரியரும் அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு பழைய காகிதத்தைப் பார்த்துக்கொள்ளுகிறவர். அவருடைய உத்தியோகத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

நம் நாட்டில் ரிக்கார்டு அறைக்கு மாற்றினார்கள் என்றால் தண்டித்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம் செய்துகொள்ளுகிறோம். ஏட்டையும் புஸ்தகத்தையும் பொறுத்தவரை நமக்கு இரண்டே வகை மனிதர்களைத் தெரியும். தன்னந்தனியாக அலைந்து சேர்த்த மகான் ஒருவர். ஆற்றிலும் நெருப்பிலும் போட்டு அழித்த பாவி ஒருவர். முன்னவரைக் கும்பிடுகிறோம், பின்னவரைச் சபிக்கிறோம். இருவருக்கும் நடுவே, காலை பத்து மணிக்கு வந்து மாலை ஐந்து மணி வரையில் வேலை செய்துவிட்டுப் போகிற மூன்றாமவர் நம் கண்ணில் படுவதே இல்லை.

இந்த மூன்றாமவருக்கு மரியாதையான ஓர் இடம் கிடைத்த கதை சென்னைக்கு மேற்கே, அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில் முகப்பேரில் நடந்தது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா செட்டியார் 1992-ல் காலமானபோது, சுமார் 1,00,000 உருப்படிகளை விட்டுச் சென்றார். புஸ்தகங்கள் மட்டுமல்ல, பத்திரிகைகள், நாடக நோட்டீசுகள், சினிமாப் பாட்டுப் புஸ்தகங்கள், கல்யாணப் பத்திரிகைகள், காலணாவுக்கு விற்ற குஜிலிக்கடைச் சிந்துகள் எல்லாம் அதில் இருந்தன. பண்டிதர்கள் தொடக்கூட மாட்டோம் என்று ஒதுக்கிய சரக்கு அது. அதையும் சேர்த்து வைத்ததுதான் செட்டியாரின் மேதை என்பது என் அபிப்பிராயம். ஒரு காலத்தின் நாவலை எழுதப் புகுகிறவனுக்கு அந்தக் காலத்தின் காவியங்களைவிட நோட்டீசுகள் அதிகம் உதவுகின்றன.

அந்தச் சேகரத்தைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. வாங்கியதே தவிர, கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. மொழி அறக்கட்டளையின் பொறுப்பில் 1994-ல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. முகப்பேரில் வைத்துப் பட்டியலிட்டார்கள், நுண்படம் எடுத்தார்கள், 1996 முதல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்து விட்டார்கள். நூலகம் பிறகு தரமணிக்குப் போய்விட்டது. லேத்துப் பட்டறைகளும் சைக்கிள் தொழிற்சாலையும் உள்ள பகுதியில் தொடங்கியது ஒரு விதத்தில் பொருத்தமே என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு மனிதரின் பித்தாக இருந்தது அங்கேதான் பலருடைய தொழிலாக மாறியது.

தொழில் என்று நான் சொல்லுவது எதை என்று சற்று விளக்க வேண்டும். பட்டியல் தயாரிப்பதையே எடுத்துக்கொள்ளலாம். பெயரைப் பார்த்து எழுதுகிற குமாஸ்தா வேலைதானே என்று நினைப்போம். பழைய தமிழ்ப் புஸ்தகங்கள் பலவற்றில் ஆண்டு, ‘விக்ருதி வருஷம் ஆனி மாதம்’ என்றுதான் இருக்கும். அது 1890-ஆ, 1950-ஆ? எழுத்தின் வார்ப்பைப் பார்க்க வேண்டும். அச்சுக்கூடம் எந்தத் தெருவில் இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும். போட்டிருக்கிற விலையை யோசிக்க வேண்டும். காகிதத்தை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நல்லதங்காள் கதை என்ற ஒரே பெயரில் பத்துப் புஸ்தகம் இருந்தால், பத்தும் ஒன்றா, ஒன்றைத் திருடி இன்னொன்று போட்டதா, வேறு வேறு கையா என்று தீர்மானிக்க வேண்டும். தலைப்புப் பக்கத்தில் மூன்று வரிக்கு நீளுகிற விருதுகளுக்கு நடுவே ஆசிரியரின் பெயர் எது, குருவின் பெயர் எது, பணம் கொடுத்த பிரபுவின் பெயர் எது என்று பிரித்தெடுக்க வேண்டும். இதற்கு விமரிசனம் என்று பெயர் வைக்காமல் வேறு என்ன பெயர் வைப்பது? நம்மில் பலர் மேடையில் செய்வதைவிட நாணயமான விமரிசனம் அது. தப்பாகச் செய்தால் அறுபது வருஷம் பிசகிவிடும்.

காப்பது இன்னொரு கலை. ஓலைக்குப் புல்தைலம் தடவுவதும், ஏட்டுக்கட்டில் வசம்பு வைப்பதும், வேப்பிலை செருகுவதும் நம் வீடுகள் அறிந்தவை. ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த மரக்கூழ்க் காகிதத்துக்கு எதிரி பூச்சி மாத்திரம் அல்ல. படிகாரமும் ரோசனமும் சேர்த்துச் செய்த அந்தக் காகிதம் தன்னுள்ளே ஊறுகிற அமிலத்தால் தானே மடிகிறது. சென்னையின் உஷ்ணமும் ஈரமும் அதற்குத் துணைபோகின்றன. 1810-ல் அச்சான காகிதம் வெள்ளையாக இருக்க, 1930-ல் அச்சானது அப்பளமாக நொறுங்குவது இதனால்தான். அமிலத்தைத் தணிக்கலாம், மெல்லிய ஜப்பானியத் தாளை ஒட்டலாம், குளிர்ந்த அறையில் வைக்கலாம். அப்படியும் போய்விடும் என்றால் படம் எடுத்து வைக்க வேண்டும். நல்ல நுண்படச் சுருள் முறையாக வைத்தால் ஐந்நூறு வருஷம் நிற்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வெளிச்சமும் ஒரு பூதக்கண்ணாடியும் இருந்தால் படித்துவிடலாம். இன்று எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம், இனிப் பயமில்லை என்கிறவர்கள், அந்தப் பெட்டியைச் சில வருஷங்களுக்கு ஒருமுறை மாற்றிப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்க ஓர் ஆள் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள். இயந்திரம் மாறினாலும் காவல்காரர் வேண்டாமென்று ஆகிவிடுவதில்லை.

அந்நிய நாட்டுப் பல்கலைக்கழகம் நம் சொத்தை விலைக்கு வாங்கிவிட்டதே என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. அந்த வருத்தத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்ளுகிறேன். வெட்கப்பட வேண்டியது அவர்கள் வாங்கியதற்காக அல்ல, வாங்க வேண்டும் என்ற எண்ணம் நமக்கு முந்தி வராமற்போனதற்காக. மற்றப் பாதியை ஏற்க முடியாது. இரண்டாவது பிரதி எங்கேயோ இருப்பதைப் பற்றிப் புகார் சொல்லும் உரிமை, 1981 ஜூன் முதல் நாள் விடிவதற்குள் யாழ்ப்பாணத்தில் நடந்ததை அறிந்த தமிழனுக்கு இல்லை. சுமார் 97,000 புஸ்தகங்களும் சுவடிகளும் எரிந்தன. கட்டிடத்தை மறுபடி கட்டிவிட்டார்கள். மறுபிரதி இருந்த புஸ்தகத்தை மறுபடி வாங்கலாம். ஒற்றைப் பிரதியாக இருந்தது போனது போனதுதான்.

இந்த உத்தியோகத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ‘தியாகம்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறோம். எனக்கு அந்தச் சொல்லின் மேல் சந்தேகம். உ.வே. சாமிநாதையரின் உழைப்புக்கு ஈடு சொல்ல முடியாது. ஆனால் அவர் 1880 முதல் கும்பகோணம் காலேஜிலும், 1903 முதல் சென்னைப் பிரஸிடென்ஸி காலேஜிலும் சம்பளம் வாங்கியவர். 1887-ல் வந்த சீவக சிந்தாமணிப் பதிப்புக்குப் பின்னால் பக்தி இருந்தது, பலருடைய பொருளுதவி இருந்தது. மாதம் முதல் தேதியும் இருந்தது. தியாகம் என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது நம் பழைய வழக்கம். புகழ்ச்சிக்குச் செலவில்லை அல்லவா?

சர்க்கார் காகிதங்களுக்கு எழும்பூரில் 1909-லேயே சிவப்புக் கட்டிடம் எழுந்துவிட்டது. 1973 முதல் அதற்குத் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று பெயர். தில்லியில் இந்தத் தொழிலுக்கு ஓராண்டுப் பட்டயப் படிப்பும் உண்டு. 1993-ல் பொது ஆவணச் சட்டம் வந்தது. விதி மீறி அழிப்பவருக்கு ஐந்து வருஷம் வரையில் சிறை என்கிறது அது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய சர்க்காரின் காகிதங்களோடு நின்றுவிடுகிறது. மாநிலக் காகிதத்தையும் நகராட்சிக் காகிதத்தையும் அது காக்காது.

அம்பத்தூர் நகராட்சி 2011-ல் சென்னை மாநகராட்சியில் கலந்தது. ஆவடி 2019-ல் தானே மாநகராட்சி ஆயிற்று. பெயர்ப்பலகை மாறும் நாளில் ஏணி கொண்டு வர ஆள் கிடைக்கிறது. பழைய தீர்மானப் புத்தகங்களை எண்ணி, அட்டவணை போட்டு, கையெழுத்து வாங்கி ஒப்படைக்கவும் ஓர் ஆள் வேண்டும். 1955 ஜனவரியில் ஆவடிக் காங்கிரஸ் சோஷலிஸ பாணிச் சமுதாயம் என்று தீர்மானம் போட்டதைப் பத்திரிகைகள் காப்பாற்றிவிட்டன. அந்தப் பந்தலுக்கு மூங்கில் சுமந்தவன் கூலியும், 1964-க்குப் பிறகு தொழிற்பேட்டைக்கு நிலம் கொடுத்த குடியானவன் எழுதிய மனுவும், பூந்தமல்லிச் சாலையில் ஒட்டப்பட்ட சங்கத்து நோட்டீசும்தான் நாளைக்கு இந்தப் பிரதேசத்தின் நாவலை எழுதப் போகிறவனுக்கு வேண்டும். தீர்மானத்தில் நாவல் இல்லை, மனுவில் இருக்கிறது.

ஆகவே, இந்தத் தொழிலுக்கு வரலாமா என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. வாருங்கள், ஆனால் தியாகிகளாக வராதீர்கள். பயிற்சி பெற்று வாருங்கள், சம்பளம் கேளுங்கள், குளிர்ந்த அறையும் மூக்குக்கு முகமூடியும் கேளுங்கள், பட்டியலின் முதல் பக்கத்தில் உங்கள் பெயரைப் போடச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு அதைத் தராத சமூகம் தன் இலக்கியத்தைப் பற்றிப் பேசுவது எல்லாம் செவிவழிப் பேச்சாகத்தான் இருக்கும். இன்று வரையில் நம் விமரிசனத்தில் பெரும் பகுதி அப்படித்தான் இருக்கிறது.