தாமே நகரும் துகள்களின் நிலைமைப் பிரிவு: மாறுநிலை அடுக்கெண்கள் குறித்த ஒரு மதிப்பீடு

தாமே நகரும் துகள்கள், தம்முள் ஈர்ப்பு சிறிதும் இல்லாதபோதும், அடர்ந்த நிலைமையாகவும் ஐதான நிலைமையாகவும் பிரிகின்றன. நெரிசலில் வேகம் குறைகிறது. வேகம் குறைந்த இடத்தில் மேலும் துகள்கள் சேர்கின்றன. தையர், கேட்ஸ் ஆகியோர் 2008இல் விளக்கிய இப்பிரிவின் மாறுநிலைப் புள்ளி ஈசிங் மாதிரியின் வகுப்பைச் சேர்ந்ததா என்பது இன்றைய வினா. (இலங்கைப் பாடநூல்கள் நிலைமையை அவத்தை என்றும் மாறுநிலையை அவதி என்றும் வழங்கும்.)

மாறுநிலைப் புள்ளியை நெருங்கும்போது இரு நிலைமைகளின் அடர்த்தி வேறுபாடு மறையும் விதத்தைப் பீட்டா என்னும் அடுக்கெண் குறிக்கிறது. இருபரிமாண ஈசிங் மாதிரியில் அது 0.125. சீபர்ட் குழுவினர் 2018இல் இயங்கு பிரௌனியத் துகள்களில் கண்டதோ ஏறத்தாழ 0.45. பார்ட்ரிட்ஜும் லீயும் 2019இல் கட்டங்களாகப் பகுத்த தளத்திலும், மாஜி குழுவினர் 2021இல் கட்டமற்ற பெரிய அமைப்புகளிலும் ஈசிங் மதிப்புகளையே பெற்றனர்.

இதனால் வழக்கு ஈசிங் பக்கம் தீர்ந்துவிட்டது என்பது அவசர முடிவு. மூவரும் ஆராய்ந்தது ஒரே துகளை அன்று. சீபர்ட் குழுவின் துகளுக்கு உந்துவேகம் மாறிலி. மாஜி குழுவின் துகளில் உந்துவிசையின் அளவே ஏறி இறங்கும். மேலும், கபயெரோ, நார்தினி, கேட்ஸ் ஆகியோரின் 2018ஆம் ஆண்டுக் கோட்பாட்டு ஆய்வு ஈசிங் நடத்தைக்கும் இடமளிக்கிறது, அதிலிருந்து விலகுவதற்கும் இடமளிக்கிறது.

ஓர் அளவீட்டை மட்டும் நம்பி வகைப்படுத்துவதன் இடர் இத்துறைக்குப் புதிதன்று. நாராயண், ஸ்ரீராம் ராமசாமி, மேனன் ஆகியோர் 2007இல், அதிர்வூட்டிய செப்புக் கம்பித் துண்டுகளில் துகள் எண்ணிக்கையின் மாபெரும் ஏற்ற இறக்கங்களைக் கண்டனர். கோளத் துகள்களிலும் அத்தகைய ஏற்ற இறக்கம் தோன்றும் என அரன்சன் குழுவினர் 2008இல் மறுத்துரைத்தனர். 2012இல் தே, தாஸ் ஆகியோரும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் ராஜேஷும் இதனை மேலும் தெளிவாக்கினர். ஏற்ற இறக்கத்தைக் கட்டமைப்புச் சார்புடன் இணைத்து நோக்கியபோது, மாதிரிகள் நான்கு வகுப்புகளாகப் பிரிந்தன. இவ்வாய்வு மாறுநிலை விவாதத்தில் போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

அக்கவனம் இங்கு ஏன் தேவை? ஷி குழுவினர் 2020இல் காட்டியபடி, விலக்கு விசை மட்டுமே கொண்ட துகள்களின் அடர்ந்த நிலைமைக்குள்ளேயே பல்வேறு அளவுகளில் ஐதான குமிழிகள் உள்ளன. சிறு பெட்டிகளில் அடர்த்தியை அளந்து பீட்டாவைக் கணிக்கும் முறை, அந்நிலைமை சீரானது என்று கொள்கிறது. குமிழி பெட்டியினும் பெரிதாயின், அளக்கப்படுவது எந்த நிலைமையின் அடர்த்தி? எனவே இயங்கு பிரௌனியத் துகள்களிலேயே, பெட்டியின் அளவைப் படிப்படியாகக் கூட்டி, அடுக்கெண்ணுடன் கட்டமைப்புச் சார்பையும் குமிழிப் பரவலையும் சேர்த்து வெளியிடும் ஆய்வே 0.45க்கும் 0.125க்கும் இடையிலான வேறுபாட்டின் காரணத்தைச் சோதிக்க வல்லது.