குறை எண்ணுக்கு அஞ்சிய கணிதம்

இருபடிச் சமன்பாட்டுக்கு இன்றைய பள்ளிப் பிள்ளை மனப்பாடம் செய்வது ஒரே ஒரு சூத்திரம். பாக்தாதில் கி.பி. 820 வாக்கில் இயற்கணித நூல் எழுதிய அல்-குவாரிஸ்மியோ அதை ஆறு வகையாகப் பிரித்து, வகைக்கொரு வழி சொன்னார். குறை எண்ணை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. எல்லாம் கூட்டலாகவே நிற்க வேண்டும் என்றால் வகைகள் பெருகத்தானே செய்யும்?

அவருடைய புகழ்பெற்ற கணக்கு இது: ஓர் எண்ணின் வர்க்கத்தோடு அதே எண்ணின் பத்து மடங்கைச் சேர்த்தால் 39. பத்தில் பாதி 5, அதன் வர்க்கம் 25, 39ஐக் கூட்டினால் 64, வர்க்கமூலம் 8, 5 போக 3. விடை 3. குறியீடு ஒன்றுகூடக் கிடையாது, எல்லாம் வாக்கியங்கள்தான். சரியென்று காட்ட ஒரு சதுரம் வரைந்தார். மைனஸ் 13ம் இந்தக் கணக்குக்குப் பொருந்தும். அதை அவர் தேடவில்லை. சதுரத்தின் பக்கம் எப்படிக் குறை எண்ணாகும்?

இத்தனைக்கும் 628லேயே பிரம்மகுப்தர் சொத்து, கடன் என்று பெயரிட்டு இரண்டுக்கும் விதிகளை எழுதிவிட்டார். கடனைக் கடனால் பெருக்கினால் சொத்து என்பது அவற்றில் ஒன்று. ஆனால் விதி இருந்தும் தயக்கம் போகவில்லை. 1150இல் பாஸ்கரர் ஒரு குரங்குக் கணக்குப் போட்டார். கூட்டத்தின் ஐந்தில் ஒரு பங்கில் மூன்றைக் கழித்து, வருவதன் வர்க்கம் எவ்வளவோ அத்தனை குரங்குகள் குகைக்குள் போய்விட்டன. ஒன்று மட்டும் வெளியே. கூட்டம் எத்தனை? 50 என்றாலும் சரி, 5 என்றாலும் சரி. 5ஐ வைத்தால் ஒன்றிலிருந்து மூன்று போக வேண்டும். மக்கள் இதை ஏற்க மாட்டார்கள் என்று பாஸ்கரர் 5ஐ ஒதுக்கினார். என் கணிப்பில், இயற்கணித வரலாற்றிலேயே மிக நேர்மையான தயக்கம் இதுதான்.

இத்தாலியில் முப்படிச் சமன்பாட்டுக்காக டார்டாக்லியாவும் கார்டானோவும் போட்ட சண்டையை எழுதாதவர் இல்லை, அதை விட்டுவிடுவோம். கார்டானோவின் 1545ஆம் ஆண்டு நூலில் முப்படிக்குப் பதின்மூன்று வகைகள். இங்கும் காரணம் அதே அச்சம்தான். ஆனால் சூத்திரமே அவர்களை மாட்டிவிட்டது. ஓர் எண்ணின் கனம், அதன் பதினைந்து மடங்கோடு 4ஐக் கூட்டியதற்குச் சமம் என்றால் விடை 4, யாரும் சரிபார்க்கலாம். சூத்திரத்தில் போட்டாலோ நடுவில் மைனஸ் 121இன் வர்க்கமூலம் வந்து நிற்கிறது. பொம்பெல்லி 1572இல் அதைத் துணிந்து மற்ற எண்களைப் போலவே கையாண்டார். வேண்டாதவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போக, 4 வந்தது.

1591இல் வியெட், தெரியாத எண்ணுக்கு மட்டுமின்றித் தெரிந்த எண்ணுக்கும் எழுத்திட்டார். பொதுச் சூத்திரம் என்ற ஒன்றை எழுத முடிந்தது அதன் பிறகுதான். கார்டானோ சண்டைக்குத் தரும் பக்கங்களில் பாதியையாவது வரலாற்று நூல்கள் இதற்குத் தரலாம். 1637இல் டெகார்ட் குறை விடைகளைப் ‘பொய்யான’ மூலங்கள் என்றார். ஆனாலும் அவற்றை எண்ணிக்கையில் சேர்த்துக்கொண்டார்.

அச்சம் அதோடும் தீரவில்லை. 1796இல் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரெண்ட், குறை எண்களே வேண்டாம் என்று ஓர் இயற்கணிதப் பாடநூல் வெளியிட்டார். அது வந்து 28 ஆண்டுகளில், நார்வே இளைஞர் ஏபெல் ஐந்துபடிச் சமன்பாட்டுக்கு மூலக்குறிகளால் எழுதும் பொதுச் சூத்திரமே கிடையாது என்று நிறுவினார்.