இருபது மில்லிமீட்டர் தண்ணீர்

மணிக்கு 65 கிலோமீட்டர் வேகத்தில் எதிரே மோதும் காற்றால் தண்ணீரை எவ்வளவு உயரம் தள்ள முடியும்? வெறும் 20 மில்லிமீட்டர், ஒரு விரற்கடை. ஜெர்மனியின் ஷ்லைஹர் நிறுவனம் செய்த ஏ.எஸ்.கே. 21 கிளைடரில் ஒருவர் மட்டும் ஏறிப் பறந்தால், ஏறக்குறைய இந்த வேகத்தில்தான் இறக்கை கைவிடும். ஸ்டால் என்பார்கள். எஞ்சின் கிடையாது; மூக்கைத் தாழ்த்தி, இருக்கும் உயரத்தைச் செலவழித்துத்தான் வேகத்தை மீட்க வேண்டும். அந்த விரற்கடைத் தண்ணீரின் பலத்தை முள்ளின் அசைவாக்கிக் காட்டும் வேகமானி எனக்குப் பிடிக்கும். அது சொல்வது சரிதானா என்று சோதிக்கும் முறை இன்னும் பிடிக்கும்.

சாமான்கள் அதிகமில்லை. உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் குழாய், பலகை, மில்லிமீட்டர் அளவுகோல், சாயம் கலந்த தண்ணீர், ஒரு டீ இணைப்பு. குழாயை யு வடிவில் வளைத்துப் பலகையில் கட்டிப் பாதிவரை தண்ணீர் ஊற்றுகிறார்கள். ஒரு பக்கம் திறந்தே இருக்கும். மறுபக்கம் டீயில் சேர்ந்து இரண்டாகப் பிரியும்: ஒன்று, எதிர்க்காற்றின் அழுத்தம் நுழையும் வேகமானியின் பிடோட் வாய்க்கு, மற்றது நுனி அடைத்த ஒரு ரப்பர் குழாய்க்கு. ரப்பரை ஒரு குச்சியில் மெல்லச் சுருட்டினால் அழுத்தம் இம்மியிம்மியாக ஏறும். வாய் வைத்து ஊதுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஈரம் உள்ளே போகும். உள்ளிருக்கும் மெல்லிய உலோக டப்பா ஒரே மூச்சில் நெளிந்தும் போகலாம்.

இரண்டு பக்க மட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் கணக்கு. கடல் மட்டக் காற்றில் 100 கி.மீ.க்கு 48 மி.மீ. வேகம் இரட்டித்தால் தண்ணீர் நான்கு மடங்கு. 200-க்கு 193 வந்துவிடும். அதனால் குறைந்த வேகங்கள் எல்லாம் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். 200-இல் ஒரு கிலோமீட்டர் பிசகு ஏறத்தாழ 2 மி.மீ., யார் கண்ணுக்கும் தப்பாது. 65-இல் அதே பிசகு அரை மி.மீ.க்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். உயிர் ஊசலாடும் இடத்தில்தான் அளவுகோல் கஞ்சத்தனம் பண்ணுகிறது! ஆகவே கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்கு இறக்கி, குழிந்து நிற்கும் பரப்பின் அடிப்புள்ளியைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை ஏற்றும்போது ஒரு தரம், இறக்கும்போது ஒரு தரம் குறித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு முறையும் கண்ணாடியை விரல் நகத்தால் லேசாகத் தட்டினால், உராய்வில் தயங்கி நின்ற முள் துள்ளித் தன் இடத்துக்கு வரும். கடைசியில் குழாயை இறுக்கி மூடிவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முள் மெதுவாக விழுந்தால் எங்கோ கசிவு. 1732-இல் ஆன்ரி பிடோட் பாரிஸின் சேன் நதிக்குள் வளைந்த குழாயை இறக்கி நீரோட்டத்தை அளந்தார். அவர் பெயரைத் தாங்கிய குழாய் இன்று வானத்தில் இருந்தாலும் கணக்குத் தீர்க்க வருவது தண்ணீரிடம்தான்.

வேகமானி முகப்பின் வண்ணங்களில் பச்சை வில்லுக்குள் கொந்தளிக்கும் காற்றிலும் பறக்கலாம். மஞ்சள் வில் அமைதியான காற்றுக்கு மட்டும், அதுவும் ஸ்டிக்கை அளந்து அசைத்து. ஏ.எஸ்.கே. 21-இல் பச்சை 200-இல் முடியும். 280-இல் சிவப்புக் கோடு. சோதனை விமானி பறந்து காட்டிய உச்ச வேகத்தில் பத்தில் ஒன்பது பங்கைத் தாண்டி அந்தக் கோட்டைப் போடக் கூடாது என்பது ஐரோப்பிய விதி.

ஆனால் வேகமானிக்கு வேகம் தெரியாது, காற்றின் மோதல்தான் தெரியும். மேலே போகப் போகக் காற்று மெலிகிறது. 6000 மீட்டரில் முள் 200 காட்டினால் கிளைடர் உண்மையில் 270 கி.மீ.யில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டாலைப் பொறுத்தவரை இந்தப் பொய் நல்ல பொய். இறக்கையும் அதே மோதலை நம்பித்தான் நிற்கிறது, ஆகவே எந்த உயரத்திலும் ஏறக்குறைய அதே எண்ணில்தான் கைவிடும். ஃப்ளட்டர் அப்படியல்ல. இறக்கையும் அதன் பின்விளிம்பில் அசையும் அய்லரானும் ஒன்றையொன்று தூண்டிவிட்டு, கொடியில் காயும் வேட்டி மாதிரி படபடத்து, கண் மூடித் திறப்பதற்குள் முறிந்துவிடக்கூடிய அந்த அதிர்வு உண்மை வேகத்தைப் பார்த்து வருவது. அதற்காகத்தான் காக்பிட்டில் உயரம் ஏற ஏறச் சிவப்புக் கோட்டைக் கீழே இறக்கும் சிறு அட்டவணை ஒட்டியிருக்கிறது. 2018 செப்டம்பர் 2 அன்று ஜிம் பெய்ன், டிம் கார்ட்னர் இருவரும் பெர்லான் 2 கிளைடரில் அர்ஜென்டினாவின் எல் கலஃபாத்தேயிலிருந்து கிளம்பி, ஆண்டீஸ் மலையலையில் ஏறி 76,124 அடியைத் தொட்டார்கள். அங்கே உண்மை வேகம் முள் காட்டுவதைப் போல நாலரை மடங்குக்கும் மேல்.

கருவி தண்ணீர்ச் சோதனையில் தேறினாலும் வேலை முடிவதில்லை. மோதலோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கிளைடரின் உடலிலுள்ள துளைகள் எடுத்துத் தருகின்றன. உடலைச் சுற்றி ஓடும் காற்று அங்கே தன் பங்குக்குக் குழப்பும். பக்கவாட்டில் சறுக்கி இறங்கும்போது பல கிளைடர்களில் முள்ளை நம்பவே முடியாது. இந்தப் பிசகைப் பிடிக்க, நீண்ட குழாயில் ஒரு குண்டைக் கட்டி இறக்கி, கிளைடரின் கலக்கம் எட்டாத காற்றிலிருந்து அழுத்தத்தை எடுப்பார்கள். 1951-இல் டெக்ஸாஸிலிருந்து 535 மைல் பறந்து உலகச் சாதனை செய்த டிக் ஜான்சன், பின்னாளில் ‘சோரிங்’ இதழுக்காகப் பல கிளைடர்களைப் பறந்து அளந்தவர். அவருடைய அறிக்கைகளில் வேகமானிப் பிசகுக்கென்று ஒரு வரைபடம் இருக்கும். பலர், இழக்கும் உயரத்துக்கு எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லும் சறுக்கு விகித எண்ணுக்கு நேரே தாவிவிடுவார்கள். எனக்கு அந்த வரைபடத்தைப் பார்க்காமல் பக்கம் புரட்ட மனம் வராது. வேகமே பிசகென்றால் மற்ற எண்களை எதை வைத்து நம்புவது?