பத்து வார்த்தைகளும் ஒரு சர்வே நம்பரும்

சென்ற மாதம், நான் படித்த பொறியியல் கல்லூரிக்கு முன்னாள் மாணவர் கூட்டத்துக்காகப் போயிருந்தேன். நூலக வாசலில் புதிதாக ஒரு பலகை. ‘தினமும் நாளிதழ் வாசிப்போம்’ என்று தலைப்பு. கீழே காரணங்கள்: ஆங்கிலம் வளரும், குழு விவாதத்தில் பேச வரும், பொது அறிவு கூடும், போட்டித் தேர்வுக்கு உதவும். நான்குமே உண்மைதான். ஆனாலும் படித்து முடித்ததும் எரிச்சலாக இருந்தது. பேப்பர் படிப்பதற்கான காரணங்களில் ‘செய்தி தெரிந்துகொள்ள’ என்ற ஒன்று மட்டும் இல்லை.

எங்கள் காலத்திலும் இப்படித்தான். 2007-ல், மூன்றாம் ஆண்டில், முதல் பீரியடுக்கு முன் இருபது நிமிடம் ‘பேப்பர் ரீடிங்’ என்று ஒதுக்கினார்கள். வகுப்புக்குப் பத்து ஆங்கில நாளிதழ்கள் வரும். தலையங்கத்தைப் படித்து, தெரியாத பத்து வார்த்தைகளை அர்த்தத்தோடு நோட்டில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமை கையெழுத்து வாங்க வேண்டும். நாங்கள் தலையங்கத்தைப் படிக்கவே இல்லை. கடினமான வார்த்தை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பொறுக்குவோம். அது எதைப் பற்றிய தலையங்கம் என்று கேட்டிருந்தால் பாதிப் பேர் முழித்திருப்போம்.

இந்த ஏற்பாட்டைக் கேலி செய்வது சுலபம். ஆனால் அது நியாயமில்லை. தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த எனக்கு அந்த நோட்டு உதவியது. குழு விவாதத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை அங்கிருந்து வந்ததுதான். இன்று வாங்கும் சம்பளத்தில் அந்த நோட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. என் கேள்வி வேறு. அதை வாசிப்பு என்று சொல்லலாமா?

கல்லூரியில் தமிழ்ப் பேப்பரும் வந்தது, ஒரே ஒரு பிரதி. அது இருந்த இடம் வாட்ச்மேன் அறை. வாட்ச்மேன் அண்ணன் அதை முதல் வரியிலிருந்து ராசிபலன், டெண்டர், கண்ணீர் அஞ்சலி வரை விடாமல் படிப்பார். நாங்கள் சினிமாப் பக்கத்துக்காக எட்டிப் பார்ப்போம். “தம்பி, பூராத்தையும் படிங்க, காசு குடுத்து வாங்குனது” என்பார். சிரித்துக்கொண்டே போய்விடுவோம்.

அந்த வருடம் என் அறைத்தோழனின் ஊர் வழியாக நெடுஞ்சாலையை நான்கு வழிச்சாலையாக்கும் வேலை தொடங்கியது. ஒரு நாள் அவன் அப்பா போன் செய்தார். வயலில் கல் நட்டிருக்கிறார்கள், கிணறும் போகிறது. “பேப்பர்ல போட்டாச்சாமே, நீ பாக்கலையாப்பா?” என்று கேட்டார். குற்றம் சொல்லும் குரல் இல்லை. பையன் காலேஜில் படிக்கிறான், பேப்பர் பார்த்திருப்பான் என்ற நம்பிக்கை.

இரண்டு பேரும் நூலகத்தில் பழைய இதழ்களைப் புரட்டினோம். கிடைத்தது. நுணுக்கி நுணுக்கி அச்சடித்த அரைப்பக்கப் பொது அறிவிப்பு: கிராமத்தின் பெயர், சர்வே நம்பர், பரப்பு. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம், 1956-ன்படி நிலம் எடுப்பதற்கான அறிவிப்பின் சாரத்தை இரண்டு உள்ளூர் நாளிதழ்களில், அதில் ஒன்றாவது வட்டார மொழியில், வெளியிட வேண்டும். அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். நாங்கள் கண்டுபிடித்தபோது அந்தக் கெடு முடிந்திருந்தது.

அறைக்கு வந்து என் நோட்டை எடுத்துப் பார்த்தேன். அதே தேதியில் பத்து வார்த்தைகள், அழகான கையெழுத்தில். அதே பேப்பரைத்தான் கையில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆட்சேபம் சொல்லியிருந்தால் நிலம் தப்பியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அநேகமாகத் தப்பியிருக்காது. ஆனால் அவர் நேரில் போய் ‘கிணற்றை விட்டுப் போக முடியுமா’ என்று கேட்டிருப்பார். கேட்பதற்குச் சட்டம் கொடுத்த 21 நாட்களை, பேப்பர் கையில் இருந்த இரண்டு பேர் தவறவிட்டோம்.

‘இப்போதுதான் போனில் எல்லாம் வருகிறதே’ என்று கேட்கலாம். எந்தச் செய்தியை யாருக்கு மேலே காட்டுவது என்று வரிசைப்படுத்தும் மென்பொருளில்தான் நான் வேலை பார்க்கிறேன். நீங்கள் முன்பு எதைத் தொட்டீர்கள், எதில் எத்தனை நொடி நின்றீர்கள் என்பதை வைத்து அது கணக்குப் போடும். யாரும் தொடாத சர்வே நம்பர் பட்டியல் அந்தக் கணக்கில் மேலே வரவே வராது. அச்சிட்ட பக்கத்துக்கு நீங்கள் யார் என்று தெரியாது. அதனாலேயே நீங்கள் தேடாததையும் அது முன்னால் வைக்கும். ஆனால் அதற்காகக் காகிதத்தைக் கும்பிட வேண்டியதில்லை. எங்களிடம் காகிதம் இருந்தது. நாங்கள்தான் பார்க்கவில்லை.

இதில் ஒரு வரலாற்று முரண் இருக்கிறது. 1878-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு முத்துசாமி ஐயர் நீதிபதியாக நியமிக்கப்பட்டதை ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்ல ஆறு இளைஞர்கள் சேர்ந்து ‘தி இந்து’ வார இதழைத் தொடங்கினார்கள். அவர்களில் நான்கு பேர் சட்டக் கல்லூரி மாணவர்கள். முதல் இதழ் 80 பிரதிகள். ஆறு பேரில் ஒருவரான ஜி. சுப்பிரமணிய ஐயர் நான்கே ஆண்டுகளில், 1882-ல், தமிழில் ‘சுதேசமித்திரன்’ தொடங்கினார். மாணவர்கள் படித்து, கோபப்பட்டு, பதில் எழுதிய மரபு இது. அதே ஊர்க்காரர்களான நாம் மாணவர்களுக்குப் பேப்பரைக் கொடுத்து, வார்த்தையைப் பொறுக்கச் சொல்கிறோம்.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஆங்கிலப் பேப்பரோடு தமிழ்ப் பேப்பரும் மாணவர் மேஜைக்கு வரட்டும். ஒரே செய்தி இரண்டிலும் எப்படி வந்திருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று பேசட்டும். மாவட்டப் பக்கத்தில் ஒரு செய்தியை ஒரு மாதம் விடாமல் பின்தொடரட்டும். அறிவிப்புகளைப் படிக்க ஒருமுறை சொல்லிக்கொடுங்கள்: இது எந்தச் சட்டம், யார் கையெழுத்து, கடைசி நாள் எது. வேண்டுமானால் பத்து வார்த்தையும் எழுதட்டும், ஆனால் அந்தத் தலையங்கத்தோடு ஏன் உடன்படுகிறோம் அல்லது உடன்படவில்லை என்று இரண்டு வரி சேர்த்து எழுதட்டும். மதிப்பெண் மட்டும் வேண்டாம். போட்டால் அதையும் காப்பி அடிப்போம்.

பலகை வைத்த பேராசிரியரிடம் இதைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். “நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா இண்டர்வியூல இதெல்லாம் கேக்க மாட்டாங்களே” என்றார்.

கேட்க மாட்டார்கள்தான். அவன் அப்பா கேட்டார். அன்று அவருக்குச் சொல்ல எங்கள் இரண்டு பேரிடமும் பதில் இல்லை.