ஷானுக்கு மேலே ஒருவர்

‘குட் வில் ஹன்டிங்’ (1997) பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: எம்.ஐ.டி.யில் தரை துடைக்கிற வில் என்ற இளைஞன் கணக்கில் மேதை. அடிதடி கேஸில் மாட்டுகிறான். கணக்குப் போட வேண்டும், மனநல ஆலோசனைக்குப் போக வேண்டும் என்ற நிபந்தனையில் வெளியே விடுகிறார்கள். வந்த நிபுணர்களை எல்லாம் கேலி பண்ணித் துரத்திவிட்டு, கடைசியில் ஷான் என்பவரிடம் வந்து சேர்கிறான். ஷானாக நடித்த ராபின் வில்லியம்ஸுக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள். கொடுக்க வேண்டியதுதான்.

ஆனால் படத்தோடு எனக்கு ஒரு சண்டை உண்டு.

முதல் சந்திப்பிலேயே, ஷானின் இறந்துபோன மனைவியைப் பற்றி வில் தப்பாகப் பேச, ஷான் அவன் தொண்டையைப் பிடித்துவிடுகிறார். நாம் என்ன செய்கிறோம்? ‘மனுஷன்யா!’ என்று கைதட்டுகிறோம். அன்று ராத்திரி ஷான் தனியாக யோசிக்கிறார். தானே ஒரு தெளிவுக்கு வருகிறார். அடுத்த முறை பூங்கா பெஞ்சில் அருமையாகப் பேசுகிறார். சரி, அந்தத் தெளிவு வராமல் போயிருந்தால்? தொண்டை வலியோடு திரும்பிப் போன பையனின் கதி?

இதைப் படம் கேட்கவில்லை. அமெரிக்க மாநிலங்களின் கவுன்சலர் லைசென்ஸ் சட்டங்கள் கேட்கின்றன. முதலில் சட்டம் போட்டது வர்ஜீனியா, 1976-ல். கடைசியாக கலிஃபோர்னியா, 2009-ல். இன்று பல மாநிலங்களில் 60 கிரெடிட் முதுநிலைப் பட்டம் வேண்டும். அந்தக் காலத்தில் 48 கிரெடிட்டோடு முடித்தவர்கள், லைசென்ஸ் வேண்டுமென்றால் மீதி 12-க்குத் திரும்பவும் வகுப்பில் போய் உட்கார வேண்டியதுதான். ஷானின் பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸில், பட்டம் வாங்கிய பிறகும் 3,360 மணி நேரம் மேற்பார்வையில் வேலை பார்க்க வேண்டும். பரீட்சை தனி.

‘அன்பா நாலு வார்த்தை பேசறதுக்கு இவ்வளவா?’ என்கிறீர்களா? பாதி நியாயம். காசு கரைகிறது, கடன் ஏறுகிறது, லைசென்ஸ் வரும்வரை சம்பளம் சொற்பம். வசதியில்லாதவர் பாதியிலேயே கழன்றுகொள்கிறார். படத்தில் ஒரு சந்திப்பு முழுக்க இரண்டு பேரும் வாயே திறக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பொறுமையை எந்த 12 கிரெடிட் சொல்லித் தரும்? அதனால் கிரெடிட் கணக்கில் பேரம் பேசலாம், தப்பில்லை.

மேற்பார்வையில் பேரம் கூடாது. ‘இன்னிக்கு ஒரு பையன் தொண்டையைப் பிடிச்சுட்டேன்’ என்று ஷான் போய்ச் சொல்ல, அனுபவசாலி ஒருவர் எதிரில் இருக்க வேண்டும். அவர் திட்டலாம், ‘இந்தக் கேஸை வேற ஆளிடம் விடு’ என்றும் சொல்லலாம். கவுன்சலரின் சொந்தப் புண்ணிலிருந்து எதிரில் இருப்பவனைக் காப்பாற்றத்தான் இத்தனை மணி நேரமும். படம் புண்ணையே தகுதியாக்கிவிட்டது.

இன்னொரு தடவை பாருங்கள். ராபின் வில்லியம்ஸை ரசியுங்கள். அந்த முதல் சந்திப்பு வரும்போது மட்டும் அவரை விட்டுவிட்டு, வில்லின் முகத்தைக் கவனியுங்கள். அவன் உங்க வீட்டுப் பையன் என்றால் கைதட்டுவீர்களா?