அடுத்த ஊர் ஐம்பது கிலோமீட்டர்

லீவுக்கு எங்கே போகிறீர்கள்? சிங்கப்பூர், தாய்லாந்து என்றால் சந்தோஷம், போய் வாருங்கள். 'இந்த வருஷம் எங்கேயும் இல்லை சார், வீட்டில்தான்' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறவர்களுக்காக இந்த வாரம்.

தி.ஜானகிராமனை நமக்கெல்லாம் 'மோகமுள்' ஆசிரியராகத்தான் தெரியும். மனிதர் நன்றாக ஊர் சுற்றியவர். ஜப்பானுக்கு ஒரு புத்தகம், 'உதயசூரியன்'. ஐரோப்பாவுக்கு ஒன்று, 'கருங்கடலும் கலைக்கடலும்'. ஆஸ்திரேலியாவுக்கு 'அடுத்த வீடு ஐம்பது மைல்'. (தலைப்பிலேயே ஒரு கண்டத்தை அடக்கிவிட்டார், பாருங்கள்.) ஆனால், நான் திரும்பத் திரும்ப எடுப்பது பாஸ்போர்ட் தேவைப்படாத புத்தகத்தை. 1971-ல் சிட்டியும் அவரும் சேர்ந்து எழுதிய 'நடந்தாய் வாழி காவேரி'. தலைக்காவேரியில் தொடங்கிக் கடல் வரைக்கும் ஒரு நதியோடு கூடவே போவது. அவ்வளவுதான் விஷயம்.

ஜப்பானில் எதைப் பார்த்தாலும் ஆச்சரியம் இலவசமாகக் கிடைக்கும். வாசகனுக்கும் தெரியாது, கொஞ்சம் கூட்டிச் சொன்னாலும் கேட்க ஆளில்லை. காவிரியில் அது நடக்காது. பாதி வாசகர்கள் அதில் குளித்தவர்கள். ஜானகிராமனோ அந்தத் தண்ணீரிலேயே வளர்ந்தவர். தெரிந்ததைத் தெரிந்தவனிடம் சொல்லி, 'அட!' என்று வாங்க வேண்டும். வாங்கிவிடுகிறார்கள். இதனாலேயே அந்த வெளிநாட்டுப் புத்தகங்களைவிட இதை ஒரு படி மேலே வைப்பேன்.

குறையே இல்லையா? உண்டு. இரண்டு பேர் எழுதிய புத்தகத்தில் எந்த வரி யாருடையது என்று தேடுவது என் கெட்ட பழக்கம். குறும்பு வந்தால் சிட்டி, சங்கீதம் வந்தால் ஜானகிராமன் என்று நானே பிரித்துக்கொள்கிறேன். படிக்கிற சுகம் இதில் கொஞ்சம் கெடுகிறது.

இன்னொரு குறை, தர்மபுரிக்காரர்கள் சார்பாக. ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகிற புத்தகத்தில் இந்த மாவட்டம் ஒரு மேற்கு ஓரம்தான். ஒகேனக்கல் வரும், அரூர் எப்படி வரும்? தீர்த்தமலை, சித்தேரி, வத்தல்மலை? அதியமான் ஆண்ட தகடூர் இது. பேப்பரில் எப்போது வருகிறது? 2000-ல் பஸ் எரிப்பு. 2012-ல் நத்தம் காலனி. நடுவில் ஆடிப்பெருக்கு வந்தால் பரிசல் போட்டோ. இந்த மூன்றுக்கும் நடுவே லட்சக்கணக்கானவர்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அதை யார் எழுதுவது?

ஒரு வெள்ளைக்காரர் எழுதினார். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ, 1792 முதல் 1799 வரை பாராமகாலில் வரி வசூலிக்கிற வேலையில் இருந்தார். தர்மபுரியில் வாசம். வேலை நேரம் போக வீட்டுக்குக் கடிதம் எழுதித் தள்ளினார். அவர் இறந்த பிறகு 1830-ல் அவரது வாழ்க்கை வரலாறாகக் கடிதங்களோடு புத்தகமே வந்துவிட்டது. ஸ்காட்லாந்திலிருந்து வந்தவருக்கு எழுத விஷயம் கிடைத்த ஊரில் நமக்குக் கிடைக்காதா?

கிடைக்கும். தினம் எழுதணும், அதுதான் கஷ்டம். புதுச்சேரி ஆனந்தரங்கப்பிள்ளை 1736-ல் ஆரம்பித்து 1761 வரை டைரி எழுதினார். துய்ப்ளேக்ஸின் துபாஷி, வியாபாரி. கப்பல் வந்தது, சரக்கு போனது, யார் யாரிடம் என்ன சொன்னார்கள். கணக்குப் பிள்ளை பேரேடு எழுதுகிற மாதிரி எழுதிவைத்தார். பி.காம் படித்தவன் என்பதால் எனக்கு இதில் தனி மரியாதை. அழகாக எழுதணும் என்று நினைத்திருந்தால் நாலாம் நாளே நிறுத்தியிருப்பார்.

தினசரிக் குறிப்பு அன்றைக்குச் சாதாரணம், ஐம்பது வருஷம் கழித்து சாட்சி. காவேரிப் புத்தகத்தையே எடுங்களேன். அது வந்தபோது 1924 ஒப்பந்தம் நடைமுறையில் இருந்தது. மூன்று வருஷத்தில் அதன் ஐம்பது வருஷம் முடிந்து தகராறு முற்றியது. 1990-ல் நடுவர் மன்றம். 2018-ல் சுப்ரீம் கோர்ட், தமிழ்நாட்டுக்கு 177.25 டி.எம்.சி. என்றது. நமக்குக் காவிரி இப்போது ஒரு எண். டி.எம்.சி. போட்டு அளக்காமல் அதைப் பார்த்த கடைசித் தலைமுறை என்று அவர்களைச் சொல்லலாம். எழுதும்போது அவர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆகவே வீட்டில் லீவைக் கழிக்கிறவர்களே, ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். தர்மபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர்தான். பென்னாகரத்தில் இறங்கி டீ குடியுங்கள். டீயின் விலை, பக்கத்து பெஞ்சில் பேசிக்கொண்டது, வெயில், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதுங்கள். ராத்திரி பத்துப் பக்கம் சிட்டி - ஜானகிராமன். புத்தகத்தைப் பரிசலில் மட்டும் எடுத்துப் போகாதீர்கள், நனைந்துவிடும்.