பாத்திரமும் பாடமும்

மணிமேகலையில் சாத்தனார் அமைத்த வரிசை நம் சிந்தனைக்குரியது. அமுதசுரபி ஏந்தியவள் பசித்தோர்க்கு முதலில் சோறிட்டாள், சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். அவள் தருமம் கேட்டுத் தவம் பூணுவது காப்பியத்தின் இறுதியிலேதான்.

நமது போசாக்குக் கல்வியோ இவ்வரிசையைத் தலைகீழாக்குகிறது. பால், முட்டை, மீன், கீரை என்று நிறையுணவின் பட்டியலை வன்னி மாணவர் பிழையின்றி ஒப்புவிப்பர். குறை அறிவில் இல்லை; அடுப்பில் இருக்கிறது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நெல் விளைச்சல் சரிந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதத்தைத் தொட்டது. இரணைமடு நீரில் நெல் விளைவித்தவன் வீட்டிலும் முட்டை அரும்பொருளாயிற்று.

குரக்கன், முருங்கையிலை ஆகியவற்றின் பயனைக் கற்பிப்பதை நாம் இகழவில்லை. ஆனால், வறுமையை அறியாமையென்று காட்டும் பாடம் பசித்த தாயையே குற்றவாளியாக்குகிறது, அதனையே கண்டிக்கிறோம்.

அரசின் பாடசாலை உணவு பெரும்பாலும் ஆரம்பப் பிரிவோடு நின்றுவிடுகிறது. ஆறாந் தரத்தை எட்டிய பிள்ளைக்குப் பசியும் நின்றுவிடுமா? மேல்வகுப்புகளுக்கும் சோறு வேண்டும் என்று கேட்பது ஆசிரியர் கடமை. பாத்திரம் முன் செல்லட்டும். பாடம் பின் தொடரட்டும்.